மஞ்சள் வண்ணத்துப்பூச்சி: எது பகை, எது பகையல்ல?

மழை ஓய்ந்ததும் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்து ஈர மண்ணிலும் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக அமர்வதுண்டு. நெல்லுக்குப் புழு வந்துவிடும் என்று அஞ்சி உடனே மருந்து தெளிப்பது வீண் செலவு. அவை மண்ணிலுள்ள உப்பை உறிஞ்சவே கூடுகின்றன. பெரும்பாலும் ஆண் பூச்சிகள். அவற்றின் புழுக்கள் நெல்லைத் தின்பதில்லை.

இவை 'பியரிடே' என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. கோசு வகைப் பயிர்களைத் தாக்கும் வெள்ளை வண்ணத்துப்பூச்சியும் இதே குடும்பந்தான். மஞ்சள் பிரிவில் வயலோரம் அதிகம் தென்படுவது 'யூரிமா' என்னும் சிறிய இனம். ஆங்கிலத்தில் இதற்குப் 'புல் மஞ்சள்' என்று பெயர். ஆனால் அதன் புழு தின்பது புல்லை அல்ல, அகத்தி, தக்கைப்பூண்டு, தகரை போன்ற செடிகளின் இலையை.

யூரிமாவிலும் பல வகைகள் உண்டு. 1758-ல் லின்னேயஸ் பெயரிட்ட 'ஹெகாபி' வகை முட்டைகளைத் தனித்தனியே இடும்; அதன் புழு முழுதும் பச்சை. 'பிளாண்டா' வகையோ குவியலாக முட்டையிடும். கருந்தலைப் புழுக்கள் கூட்டமாகத் தின்று ஒரு கிளையையே மொட்டையாக்கிவிடும். பூச்சியைப் பார்த்து மட்டும் வகை பிரிப்பது கடினம். ஹெகாபியே மழைக்காலத்தில் இறக்கை ஓரம் அகன்ற கறுப்பாகவும், கோடையில் அடிப்பக்கம் துருநிறப் புள்ளிகளுடனும் வேறு பூச்சிபோலத் தோன்றும்.

சரக்கொன்றையைச் சுற்றி வேகமாகப் பறக்கும் பெரிய வெளிர்மஞ்சள் பூச்சி 'கேட்டாப்சிலியா'. சில பருவங்களில் கூட்டங் கூட்டமாக இடம் பெயரும். நெல், சோளத்திற்கு இதனாலும் தீங்கில்லை.

தக்கைப்பூண்டைப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழப் போகிறோம். அதில் சில இலைகள் கடிபட்டால் கவலையில்லை. அகத்தியில் புழு கண்டால் கையால் பொறுக்குவதே நல்லது. ஆட்டுக்கும் அடுப்படிக்கும் போகும் தழை அது, பூச்சிமருந்து கூடாது.

உண்மையில் கவனிக்க வேண்டியது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி. கறுப்பு இறக்கையில் மஞ்சள் திட்டுகள், பின்னிறக்கை மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி. இதன் குடும்பமே வேறு. இளம் புழு பறவை எச்சம்போல இருப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும். வளர்ந்த புழு பச்சை நிறம். தொட்டால் தலைப்பக்கத்தில் கவைக்கொம்பு நீட்டி நாற்றம் வீசும். நாற்றங்காலிலும் இளங்கன்றுகளிலும் கறிவேப்பிலையிலும் துளிரையெல்லாம் தின்றுவிடும். துளிர்விடும் காலத்தில் இலைகளைப் புரட்டிப் பார்த்து முட்டை, புழுக்களைப் பொறுக்கி அழிக்க வேண்டும். நன்கு வளர்ந்த மரத்தில் ஓரிரு புழுக்கள் இருந்தால் விட்டுவிடலாம்.