விலை இருக்கு, வாங்க ஆள் இருக்கா?



எங்கள் பொறியியல் வகுப்பில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "பிட்காயின் வாங்க நம்மகிட்ட ஏது காசு? இந்தப் புது காயின் ஒரு சென்தான். ஒரு ரிங்கிட் ஆனா நூறு மடங்கு!" பெரிய சந்தைக்கு இன்னும் வராத காயின் என்றால், மற்றவர்களை முந்திவிட்டோம் என்ற நினைப்பும் சேர்ந்துகொள்கிறது. சிலர் பி.டி.பி.டி.என். கடன் பணத்தையே போடுகிறார்கள். அதனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1. ஒரு சென் மலிவா?

அந்தக் காயின் மொத்தம் 10,000 கோடி இருக்கிறது என்று வையுங்கள். ஒன்று ஒரு ரிங்கிட் ஆக வேண்டுமென்றால் மொத்த மதிப்பு 10,000 கோடி ரிங்கிட் ஆக வேண்டும். மேபேங்க் போன்ற பெரிய வங்கியின் சந்தை மதிப்பே ஏறக்குறைய அந்த வரிசையில்தான் இருக்கு. எண்ணிக்கையைப் பார்க்காமல் விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

2. விற்க முடியுமா?

சின்ன காயின்கள் பெரும்பாலும் ஒரு பொது நிதிக் குளம் வழியாகவே கைமாறும். குளத்தில் உண்மையான பணம் 20,000 ரிங்கிட் என்றால், எல்லாரும் சேர்ந்து விற்றாலும் அதற்கு மேல் வராது. திரையில் உங்கள் கணக்கு லட்சம் காட்டலாம்; அது வெறும் எண்தான். 2021 நவம்பரில் 'ஸ்குவிட்' காயின் 2,800 டாலரைத் தாண்டியது. வாங்கியவர்களால் விற்க முடியவில்லை. உருவாக்கியவர்கள் சுமார் 33 லட்சம் டாலரை எடுத்துக்கொண்டு போக, விலை சில நிமிடங்களில் கிட்டத்தட்ட பூஜ்யம்!

3. நம்ம பினாங்கிலேயே நடந்தது

எம்.பி.ஐ. நிறுவனத்தை வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அதன் 'ஜி.ஆர்.சி.' புள்ளிகள் அந்நிறுவனத்தின் சொந்த வட்டத்துக்குள்தான் செல்லும். விலையைக் காட்டியதும் அவர்களே. 2017-ல் அதிகாரிகள் அதன் வங்கிக் கணக்குகளை முடக்கினார்கள். நிறுவனர் டெடி தியோ 2022-ல் தாய்லாந்தில் கைதாகி, 2024-ல் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்டார். வெளிச்சந்தையில் வாங்க ஆளில்லாத பொருளுக்கு விலை என்று ஒன்று கிடையாது என்பதே பாடம்.

4. காசு போடும் முன்

• 2019 முதல் இங்கே டிஜிட்டல் காயின் சந்தைகள் செக்யூரிட்டீஸ் கமிஷனில் பதிவு பெற வேண்டும். அதன் பட்டியலையும் எச்சரிக்கைப் பட்டியலையும் பாருங்கள்.
• மொத்தம் எத்தனை காயின், பாதி யார் கையில் என்று கேளுங்கள்.
• சிறு தொகையை விற்று, பணம் வங்கிக்கு வருகிறதா என்று பாருங்கள். சின்னத் தொகை வந்துவிட்டது என்பதற்காகப் பெரிய தொகையை நம்பிப் போட்டுவிடாதீர்கள்.
• மோசடிக்காரர் கணக்குக்குப் பணம் போய்விட்டால், வெட்கப்படாமல் உடனே 997-க்கு அழையுங்கள்.

கலந்துரையாட: உங்கள் நண்பர் சொல்லும் ஒரு காயினை எடுத்து, மேலே உள்ள முதல் இரண்டு கணக்குகளையும் குழுவாகப் போட்டுப் பாருங்கள். விடை கிடைக்காத காயினில் நம் பணத்துக்கு என்ன வேலை?