ஃபைபர் காரை எடுத்துக் கட்டும் முன்: எதை வைப்பது, எதை மாற்றுவது

பெங்களூரின் சிபானி ஆட்டோமொபைல்ஸ் 1982 வாக்கில் இறக்கிய டால்ஃபின், அதன் பின்னால் வந்த நாலு கதவு மாண்டானா, 1990-களின் இறுதியில் சான் மோட்டார்ஸ் விற்ற இரண்டு இருக்கை ஸ்டார்ம். நம் ஊர்ப்பக்கம் ஃபைபர் உடம்போடு ஒரு பழைய கார் கண்ணில் பட்டால் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். டால்ஃபின் இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் காரை வைத்துச் செய்தது. எடை குறைவு, பின் சக்கர ஓட்டம், 848 சிசி அலுமினிய இன்ஜின். ராலி ஓட்டுபவர்கள் அதை விரும்பி வாங்கியதற்கு இந்த மூன்றுமே காரணம்.

பெரம்பலூரிலோ அரியலூரிலோ இப்படி ஒரு வண்டி தோட்டத்துக் கொட்டகையில் கிடந்து உங்கள் கைக்கு வந்தால், முதலில் கை போவது விரிசல் விட்ட பானெட்டின் மேல்தான். அதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். ஃபைபர் உடம்பை எப்போது வேண்டுமானாலும் சரி செய்யலாம், புதிதாகவும் வார்க்கலாம். எளிதில் திரும்பக் கிடைக்காதவை இரண்டு: சேஸிஸில் பொறித்த எண், ஆர்.சி. புத்தகம். எதை வைப்பது, எதை மாற்றுவது என்ற எல்லாத் தேர்வும் அங்கிருந்து தொடங்க வேண்டும்.

காகிதம் உள்ள வண்டியா, கிட் காரா

இங்கிலாந்தில் லோட்டஸ் செவன் போன்ற கார்களைப் பாகம் பாகமாக விற்றார்கள். வாங்கியவர் வீட்டில் பூட்டிக்கொண்டால் கொள்முதல் வரி கிடையாது. 1973-ல் வாட் வரி வரும்வரை அந்தச் சலுகை இருந்தது, கிட் கார் என்ற பழக்கமே அதில் வளர்ந்ததுதான். இந்தியாவில் அந்த வழி இல்லை. சாலையில் ஓடும் ஒவ்வொரு மாடலும் அரசு அங்கீகரித்த பரிசோதனை நிறுவனத்தில் சான்று வாங்கியிருக்க வேண்டும். நீங்களே சட்டம் பற்றவைத்து, மேலே ஃபைபர் உடம்பை ஏற்றிய வண்டிக்கு பெரம்பலூரின் டிஎன் 46 எண்ணும் கிடைக்காது, அரியலூரின் டிஎன் 61 எண்ணும் கிடைக்காது.

அதற்காகச் சொந்தமாகக் கட்டுவதே வீண் என்று சொல்லவில்லை. கோயம்புத்தூரில் கரிவர்தன் மாருதி இன்ஜினை வைத்து ஃபைபர் உடம்புப் பந்தயக் கார்களைக் கட்டினார். ஃபார்முலா மாருதி என்ற அந்த வகுப்பில் ஒரு தலைமுறையே ஓட்டப் பழகியது. 1995-ல் அவர் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்துப் பந்தயத் தடத்துக்கு இன்று அவர் பெயர்தான். நம் மாநிலத்தில் வீட்டு அளவிலான ஃபைபர் கார் வேலைக்கு அவரைவிடப் பெரிய முன்னோடி கிடையாது. ஆனால் அவை தடத்தில் ஓடிய வண்டிகள். உங்கள் ஆசை சொந்த நிலத்திலும் தடத்திலும் ஓட்டுவது என்றால் கிட் கார் சரியான தேர்வு. பெரம்பலூர் நாலு ரோட்டில் திரும்பி திருச்சிக்குப் போக வேண்டும் என்றால், காகிதம் உயிரோடு இருக்கும் டால்ஃபினையோ ஸ்டார்மையோ தேடுங்கள்.

டால்ஃபினை வின்டேஜ் என்று பதிந்துகொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். 2021-ல் வந்த விதிப்படி அதற்கு 50 வயது தாண்ட வேண்டும். 1982 வண்டிக்கே 2032 வரை பொறுக்க வேண்டும். அதுவரை எஃப்.சி. என்ற தகுதிச் சான்று காட்டி 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பதுதான் வழி. கர்நாடகப் பதிவு என்றால் தடையில்லாச் சான்றும் இங்குள்ள வரியும் சேரும். வாங்கும் முன்பே உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எண்ணைக் கொடுத்து விசாரியுங்கள்.

சேஸிஸ்: வெட்டி ஒட்டுவதா, முழுதாக மாற்றுவதா

ஃபைபர் துருப்பிடிக்காது, அதனால் வெளியே பளபளவென்று இருக்கும் வண்டிக்கு அடியில் இரும்புச் சட்டம் அப்பளமாக நொறுங்கிக் கிடக்கலாம். உடம்பைத் தாங்கும் கைகள், பின் ஸ்பிரிங் மாட்டும் இடம், பேட்டரிக்குக் கீழே இருக்கும் பகுதி ஆகியவற்றைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ஓட்டை விழுந்த இடத்தை வெட்டி அதே தடிமன் தகடு வைத்துப் பற்றவைப்பதே நல்லது. டிராக்டர் டிரெய்லர் கட்டும் பட்டறைகள் நம் பக்கம் நிறைய, சட்டம் கோணாமல் பற்றவைக்கத் தெரிந்த கைகள் அங்கே உண்டு. சேஸிஸ் எண் இருக்கும் துண்டை மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்ட விடாதீர்கள். பற்றவைக்கும்போது உடம்பைக் கழற்றித் தள்ளி வைக்க வேண்டும். ரெசின் எரியும்.

ஒட்டுவதா, வார்ப்பதா

இங்கேதான் பணமும் நேரமும் அதிகம் வீணாகிறது, ஆகவே கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் ஒரு நாணயத்தை எடுத்து உடம்பு முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும். உள்ளே அடுக்கு பிரிந்த இடத்தில் சத்தம் சட்டென்று மந்தமாகும். அந்த எல்லையைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். கண்ணுக்குத் தெரியும் விரிசலைவிட அந்த வட்டம் பெரிதாக இருப்பதே வழக்கம்.

விரிசலின் வடிவம் காரணத்தைச் சொல்லும். நட்சத்திரம்போல் ஒரு புள்ளியிலிருந்து சிதறினால் அது அடி, பெரும்பாலும் உள்பக்கத்திலிருந்து பட்ட அடி. பக்கத்தில் பக்கத்தில் கோடுகளாக ஓடினால் அந்த இடம் வளைந்து வளைந்து களைத்திருக்கிறது. மேலே பட்டி தேய்த்தால் இரண்டும் சில மாதங்களில் அதே இடத்தில் திரும்ப வரும். வளையும் இடத்துக்கு உள்பக்கம் கண்ணாடி இழை மேட் வைத்துப் பலப்படுத்தி, போல்ட் இறுகும் இடத்தில் அகலமான வாஷரோ தகடோ கொடுத்த பிறகுதான் வெளிப்பக்கத்தைத் தொட வேண்டும்.

அடி ஒரு உள்ளங்கை அகலம் என்றால் ஒட்டுங்கள். 3 மி.மீ. தடிமன் உடம்பில் ஓட்டையைச் சுற்றி 36 மி.மீ. வரை சரிவாக இழைக்க வேண்டும், அதாவது தடிமனைப்போல் 12 மடங்கு. புதிய ரெசின் பழைய ரெசினோடு கலந்து ஒன்றாகாது, சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். அதனால்தான் அவ்வளவு அகலம். 40-ம் நம்பர் உப்புத்தாளில் கீறல் விழத் தேய்த்து, தூசியைத் துடைத்து, பெரிய துண்டு மேட்டை முதலில் வைத்து அதன்மேல் சிறியவற்றை அடுக்குங்கள். 450 கிராம் மேட் ஓர் அடுக்குக்குச் சுமார் 1 மி.மீ. தரும். ஆக 3 அடுக்கு. பிரஷ்ஷால் இழுக்காமல் குத்திக் குத்தி நனைத்தால் வெள்ளை மேட் மெல்ல மெல்லக் கண்ணாடிபோல் தெளியும். எங்கே வெண்மை மிச்சம் இருக்கிறதோ அங்கே காற்று இருக்கிறது. உருளையை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினால் குமிழி நகர்ந்து வெளியேறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஒரு மட்கார்டு பாதிக்கு மேல் போய்விட்டது, ஆனால் எதிர்ப்பக்க வடிவமோ இன்னொரு டால்ஃபினோ கைக்குக் கிடைக்கிறது என்றால் மோல்டு எடுத்து வார்ப்பது லாபம். மெழுகு நாலைந்து முறை தேய்த்து, மேலே ஒட்டாமல் தடுக்கும் பி.வி.ஏ. பூசி, வெளிப்பூச்சான ஜெல்கோட் அடித்து மோல்டு எடுக்கலாம். ஒரே ஒரு பாகத்துக்காக மோல்டு செய்வது அநேகமாக நட்டம். இன்னும் சில டால்ஃபின்காரர்களைக் கண்டுபிடித்து அவர்களுக்கும் வார்த்துக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் இறங்குங்கள்.

எந்த ரெசின்

கடையில் ரெசின் என்று கேட்டால் கொடுப்பது சாதாரண பாலியெஸ்டர். பானெட், கதவு, கூரை போன்றவற்றின் ஒட்டுகளுக்கு அது போதும், விலையும் குறைவு. ஐசோ வகை பாலியெஸ்டர் தண்ணீரையும் வெயிலையும் இன்னும் நன்றாகத் தாங்கும், கிடைத்தால் அதையே எடுக்கலாம். எபாக்ஸி விலை அதிகம், ஆனால் பழைய உடம்பைப் பிடிப்பதில் அதற்கு ஈடில்லை. உடம்பைச் சேஸிஸோடு கோக்கும் இடம், கதவுக் கீல் பதியும் இடம், இருக்கை மாட்டும் தளம், இந்த மூன்றுக்கும் நான் எபாக்ஸியையே சொல்வேன். ஆனால் எபாக்ஸி வைத்த இடத்தின்மேல் பின்னால் பாலியெஸ்டர் வைத்தால் சரியாகப் பிடிக்காது. சாதாரண மேட்டில் இழைகளைக் கோத்திருக்கும் பசை எபாக்ஸியில் கரையாது என்பதால் அங்கே நெய்த துணிதான் போட வேண்டும்.

பாலியெஸ்டருக்கு ஊதா நிற கோபால்ட் ஆக்சிலரேட்டரும் தண்ணீர்போல் இருக்கும் கேட்டலிஸ்டும் தனித்தனி பாட்டிலில் வரும். இரண்டையும் ஒருபோதும் நேரடியாகச் சேர்க்காதீர்கள், தீப்பிடித்து வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட். ஒரு சொட்டு கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், கண்ணாடி போடாமல் அந்தப் பாட்டிலைத் திறக்க வேண்டாம். தேய்க்கும்போது தூசிக்கான முகமூடி, ரெசின் பூசும்போது வாயுவைத் தடுக்கும் கேட்ரிட்ஜ் முகமூடி. வீட்டில் குழந்தைகள் இருந்தால் வேலையிடம் வீட்டிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.

சித்திரை வைகாசியில் நம் ஊர் வெயிலுக்கு ரெசின் கப்பிலேயே கட்டியாகிவிடும். கிலோவுக்கு 10 கிராம் கேட்டலிஸ்டோடு நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, விடியற்காலையில் முடித்துவிடுங்கள். மிச்ச ரெசினைக் கப்பிலேயே விட்டால் சூடேறிப் புகையும், மண்ணில் பரப்பிக் கொட்டுங்கள். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் மேட் நனைந்துவிடும், ரெசின் சரியாக இறுகாது. தை, மாசிதான் இந்த வேலைக்கு ஏற்ற மாதங்கள். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி போகும் ரோட்டோரம் வீடு என்றால் ஜெல்கோட்டும் பெயின்ட்டும் அடிக்கும் நாளில் கொட்டகையைத் தார்ப்பாயால் மூடி, தரையில் தண்ணீர் தெளித்து, ஈரம் காய்ந்தபின் தொடங்குங்கள்.

நீங்களா, ஆளா

கார் டிங்கரிடம் கொடுப்பது எளிது. ஆனால் தகட்டில் பழகிய கைக்கு ஃபைபர் வேறு சங்கதி, பட்டியை ஒரு அங்குலம் அப்பிவிடும் அபாயம் உண்டு. கடலூர், நாகப்பட்டினம் கடற்கரையில் ஃபைபர் படகு பழுது பார்ப்பவர்களை அழைத்துப் பாருங்கள். அலையில் அடிபட்ட படகை ஒட்டித் திரும்பக் கடலுக்கு அனுப்புகிறவர்கள் அவர்கள், பலம் எங்கே வேண்டும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். வளைவு நெளிவை நேர்த்தியாக்கும் கடைசி வேலைக்கு மட்டும் கார் பெயின்ட்டர் வரட்டும். தேய்ப்பதும் உள்பக்கம் பலப்படுத்துவதும் பொறுமை உள்ள யாரும் வீட்டில் செய்யக்கூடியவை.

இன்ஜின்: பழையதா, ஆம்னியா

848 சிசி இன்ஜினுக்கு உதிரிபாகம் இங்கே அரிது. இங்கிலாந்தில் ரிலையன்ட் வண்டிகளை இன்றும் ஓட்டுகிறவர்கள் உண்டு, அவர்களுக்காக விற்கும் கடைகளிலிருந்து கேஸ்கெட்டும் லைனரும் தருவிக்கலாம். மாற்று என்றால் மாருதி ஆம்னியின் 796 சிசி இன்ஜின். அதுவும் நீளவாட்டில் உட்கார்ந்து பின் சக்கரத்தை ஓட்டுவதால் டால்ஃபினுக்குப் பொருந்தும். மாருதி 800-ன் இன்ஜின் குறுக்குவாட்டில் இருந்து முன் சக்கரத்தை ஓட்டுவது, அதன் கியர்பாக்ஸ் இங்கே உதவாது. ஆம்னி உதிரி எந்தக் கடையிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார்.

அப்படியிருந்தும் பழைய இன்ஜினில் உயிர் இருந்தால் அதையே வையுங்கள் என்பேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ளதற்கும் தயாரிப்பாளர் கொடுத்ததற்கும் மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும்கூட உண்டு. வேறு கம்பெனி இன்ஜினுக்கு முன் அனுமதி கிடைப்பது பெரும்பாடு. கூரையை வெட்டித் திறந்த காராக்கும் ஆசையும் இதே பிரிவில் மாட்டும். தவிர, அந்தக் கூரையும் சேர்ந்துதான் உடம்பை முறுக்காமல் நிறுத்துகிறது.

அலுமினிய இன்ஜினுக்கு எமன் நம் தண்ணீர். சுண்ணாம்புப் பாறை உள்ள மண்ணின் போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உப்பு படிந்து சூடேறும், ஹெட் வளையும். பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டரும் கூலண்ட்டும் கலந்து ஊற்றுங்கள்.

ஒயரிங், பெல்ட், பெயின்ட்

ஃபைபரில் மின்சாரம் ஓடாது. தகடு காரில் உடம்பே எர்த்தாக இருக்கும். இங்கே ஒவ்வொரு விளக்குக்கும் ஹாரனுக்கும் மீட்டருக்கும் தனி எர்த் ஒயர் இழுத்துச் சேஸிஸில் முடிய வேண்டும். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து மினுக்கினால் எர்த்தைத்தான் பார்க்க வேண்டும். பழைய ஒயரை ஒட்டுப் போடுவதைவிடப் புதிதாக இழுப்பதே மலிவு.

சீட் பெல்ட்டை ஃபைபரில் துளையிட்டு மாட்டவே கூடாது. சேஸிஸோடு பற்றவைத்த தகட்டில்தான் அதன் போல்ட் இறுக வேண்டும்.

பழைய பெயின்ட்டை எடுக்க ரிமூவர் திரவம் பூசினால் அது ஜெல்கோட்டையும் தின்றுவிடும். கையால் தேய்த்தே எடுங்கள். ஒட்டிய இடங்களை இரண்டு வாரமாவது வெயிலில் இறுகவிட்டு, பிறகு பிரைமர் அடித்தால் மேட்டின் வரி பெயின்ட்டில் எழும்பாது. நிறத்தை மாற்றுவதாக இருந்தால் பெயின்ட் வாங்கும் முன் மனு கொடுத்துவிடுங்கள். ஆர்.சி.யில் நீலம் என்று இருக்கும் வண்டியைச் சிவப்பாக எஃப்.சி.க்குக் கொண்டுபோனால் ஆய்வாளர் திருப்பி அனுப்புவார்.