கற்பிக்கக் கற்றவர்

அறிவியலை அறிதல் வேறு. அதனைப் பிறர்க்கு உணர்த்துதல் வேறு. இவ்வுண்மையை இளமையிலேயே உணர்ந்தவர் மைக்கேல் பாரடே. கொல்லர் ஒருவரின் மகனாகிய அவர், பள்ளியில் நெடுநாள் பயிலாதவர். புத்தகம் கட்டும் தொழில் கற்றவர். 1813ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் நிறுவனத்தில் உதவியாளராய் அமர்ந்தார். ஆங்கு அறிஞர்தம் சொற்பொழிவுகளுக்குத் துணைநின்றபொழுது, கேட்போர் முகங்களையும் கூர்ந்து நோக்கினார். அவர்கள் எவ்விடத்தில் ஊன்றிக் கேட்டனர், எவ்விடத்தில் சோர்ந்தனர் என ஆராய்ந்தார். அறையில் நல்ல காற்றோட்டம் வேண்டும். உரை ஒரு மணி நேரத்திற்கு மேல் நீளலாகாது. சோதனைக் கருவிகள் இன்றியமையாதவை எனத் தாம் கண்டவற்றை அவ்வாண்டிலேயே நண்பருக்குக் கடிதங்களாக வரைந்தார். பின்னர்ப் பேச்சுக்கலையையும் ஓர் ஆசிரியரிடம் முறையாகப் பயின்றார்.

1860ஆம் ஆண்டின் இறுதியில், தமது 69ஆம் வயதில், சிறுவர்க்கென ஆறு சொற்பொழிவுகளைத் தொடங்கினார். எளிய மெழுகுவர்த்தியே பாடப்பொருள். பனிக்கட்டி நிறைந்த கலத்தைச் சுடரின்மேல் பிடித்தார். கலத்தின் அடியில் நீர்த்துளி அரும்பிற்று. நெருப்பிலிருந்து நீர் தோன்றுவதைச் சிறுவர் தம் கண்ணாலேயே கண்டனர். பிறர் கற்பித்ததைக் கண்டு அவர் அன்று பெற்ற படிப்பினை, முதுமையிலும் அவருக்குக் கைகொடுத்தது. மாணவர் தாமே காணுமாறு செய்தலன்றோ ஆசிரியர் கடன்!