திரும்பி வந்த வழக்கு தோற்ற வழக்கா?

ராணுவத்திலிருந்து உடல் கெட்டு உவரிக்குத் திரும்பியவர்கள் டிசபிலிட்டி பென்ஷனை, அதாவது ஊன ஓய்வூதியத்தை, கைவிடக் காரணம் பெரும்பாலும் காதில் விழுந்த பேச்சுதான்.

நம்பிக்கை: மருத்துவக் குழு 'நானா' போட்டுவிட்டால் அத்தோடு சரி.

உண்மை: நோய் பணியால் வரவில்லை, பணியால் கூடவும் இல்லை என்ற கருத்துதான் 'நானா'. ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம், அடுத்து இரண்டாவது, பிறகு சென்னையிலுள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயம். உதாரணத்துக்கு, தரம்வீர் சிங் 1985-இல் ராணுவத்தின் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்தார். 1994-இல் வலிப்பு நோய், 20 சதவீத ஊனம் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டார். சேர்ந்தபோது எழுதிய மருத்துவத் தாளில் அந்த நோய் பற்றி ஒரு குறிப்பும் இல்லை. குழுவும் காரணம் எழுதவில்லை. சேரும்போது நலமாக இருந்தார் என்றே கொள்ள வேண்டும் என்று 2013 ஜூலை 2-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு ஓய்வு பெற்றவர்களுக்குப் புதிய விதிகள் உண்டு. அவர்கள் அவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: வருஷம் பல ஓடிவிட்டது, இனி மனு எடுபடாது.

உண்மை: தர்சேம் சிங் 1983-இல் ராணுவத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர், 1999-இல்தான் நீதிமன்றம் போனார். ஓய்வூதிய மறுப்பு மாதாமாதம் தொடரும் பாதிப்பு என்றது 2008 தீர்ப்பு. ஆனால் நிலுவைத் தொகை, மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுக்கு மட்டும். தள்ளிப்போடும் மாதமெல்லாம் நம் பணம்தான் போகிறது.

நம்பிக்கை: தீர்ப்பாயம் வழக்கைத் திருப்பி அனுப்பினால் தோற்றுவிட்டோம்.

உண்மை: ஜெயித்துவிட்டோம் என்று இனிப்பு வாங்குபவர்களும் உண்டு. இரண்டும் தவறு. பழைய மறுப்பு போதாது, புதிதாக மருத்துவக் குழுவைக் கூட்டிக் காரணத்தோடு முடிவெடுங்கள் என்பதே அந்த உத்தரவு. அதை வைத்துப் பணம் வராது. பலர் ஊருக்கு வந்ததும் கோப்பைப் பரணில் போட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் வேதனை. வழக்கு உயிரோடு இருப்பது இப்போதுதான். உத்தரவின் கடைசிப் பத்தியில் யார், என்ன, எத்தனை மாதத்துக்குள் செய்ய வேண்டும் என்று இருக்கும். முதலில் அதைப் படியுங்கள். கெடு தாண்டினால் உத்தரவை நிறைவேற்றச் சொல்லி அதே தீர்ப்பாயத்துக்குப் போகலாம். குழு முன் நிற்கும்போது சேர்க்கைத் தாள், ராணுவ மருத்துவமனைச் சீட்டுகள், கடினமான இடங்களில் பணியாற்றிய விவரம் எல்லாம் கையில் இருக்கட்டும். குழுவின் முடிவுக்கு நகல் கேளுங்கள். 'காரணம்' என்ற இடத்தில் மறுபடி வெறும் ஒரு வரிதான் இருந்தால், அடுத்த மனுவை அந்த வரியிலிருந்தே எழுதலாம்.