மூச்சும் புகையும்

தூத்துக்குடியை நடுவாகக் கொண்டு மன்னார் வளைகுடாவின் மேல்கரையில் நீண்டு கிடக்கும் பகுதிக்கு முத்துக்குளித்துறை என்பது பழம்பெயர். கொற்கைத் துறை சிறந்திருந்த நாள்தொட்டு அக்கடலில் முத்துக்குளித்தோர் மிகுதியான கருவிகளை வேண்டினாரல்லர். காலை ஊன்றிக்கொள்ள ஒரு கல். அக்கல்லைக் கட்டிய கயிறு. சிப்பி சேர்க்க ஒரு வலைப்பை. வள்ளத்தின் மேலிருந்து கயிற்றைப் பற்றிக்கொள்ள நம்பிக்கைக்குரிய ஓர் ஆள். இவ்வளவே அவர்தம் முதற்பொருள். மூக்கை விரலாற் பொத்திக்கொண்டு கல்லோடு கீழே செல்வர். தோலாயிரம் பார் போன்ற முத்துப்பார்களில் ஒரு நிமிடம், மிகுந்தால் ஒன்றரை நிமிடம் சிப்பி பொறுக்குவர், கயிற்றை அசைப்பர், மேலே வந்துவிடுவர். அந்நேரமெல்லாம் அவர்களைக் காத்தது, இறங்குமுன் கடற்காற்றில் நெஞ்சு நிறைய வாங்கிய ஒரே மூச்சு. அம்மூச்சு தூயதோ அன்றோ என்னும் ஐயம் எவருக்கும் எழுந்ததில்லை. சுறாவுக்கு அஞ்சியதுண்டு. சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லி மந்திரம் ஓதிய கடல்கட்டி என்பாருக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் முத்துக்குளிப்பில் இடம் இருந்தது. மூச்சுக்காற்றுக்கு அஞ்சும் நிலை அன்று இல்லை.

அரசினர் நடத்திய முத்துக்குளிப்பு இக்கரையில் 1961ஆம் ஆண்டோடு நின்றது. சங்குகுளிப்பு நிற்கவில்லை. ஆனால் இக்காலத்துச் சங்குகுளி மீனவர் பலர் ஒரே மூச்சை நம்பி இறங்குவதில்லை. வள்ளத்திலுள்ள எந்திரம் ஒன்று காற்றை அழுத்தித் தரும் கம்பிரசரை இயக்குகிறது. அக்காற்று நீண்ட குழாய் வழியே கடலடியில் இருப்பவர் வாய்க்குச் செல்கிறது. வேறு சிலர், கரையிலேயே அழுத்தி நிரப்பிய உருளைகளை முதுகிற் சுமந்து இறங்குகின்றனர். முன்னோர் ஒரு நிமிடம் தங்கிய இடத்தில் இன்று நெடுநேரம் தங்க இயலும். எனினும், இந்த மூச்சு கடற்காற்றினின்று நேரே வருவதன்று; ஓர் எந்திரத்தின் பக்கமாகச் சென்று வருவது. எந்திரத்தின் பக்கமாக வரும் காற்று எதனைத் தன்னோடு கொண்டுவரக்கூடும் என்பதைக் கடலில் இறங்குவோர் மட்டுமன்றி, கரையில் மோட்டார் வண்டி ஏறிச் செல்வோரும் அறிந்திருத்தல் வேண்டும்.

பெட்ரோல், டீசல், விறகு, அடுப்புக்கரி ஆகிய அனைத்திலும் கார்பன் என்னும் கரிப்பொருள் உண்டு. போதிய காற்று கிடைக்கும்போது அது முற்றும் எரிந்து கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. காற்று போதாதவிடத்துக் குறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவளியாக வெளிப்படுகிறது. இந்நஞ்சுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, சுவை இல்லை. கண்ணை உறுத்தாது, இருமலும் வருவியாது. வண்டிப்புகையில் மூக்குக்கு எட்டும் நாற்றமெல்லாம் உடன்வரும் பிறபொருள்களின் நாற்றமே. ஆதலின், நாற்றம் இல்லை என்பதனால் நஞ்சும் இல்லை என்று கொள்ளுதல் பிழை.

குருதியில் ஈமோகுளோபின் என்னும் செம்பொருள் உள்ளது. நுரையீரலில் உயிர்வளியைப் பற்றி உடலெங்கும் கொண்டுசெல்வது அதன் தொழில். கார்பன் மோனாக்சைடு அப்பொருளோடு, உயிர்வளியினும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட வலிமையோடு ஒட்டிக்கொள்கிறது. துறைமுகத்தில் சரக்கேற்ற வந்த தோணியில், இறங்க மறுக்கும் ஒருவன் இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டால் சரக்கு கரையிலேயே கிடக்குமன்றோ? அதுபோல, நெஞ்சு விம்மி விம்மித் தாழ்ந்தாலும் உயிர்வளி மூளைக்குச் சென்று சேர்வதில்லை. ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நச்சுவளியைத் தாமே உட்கொண்டு அதன் விளைவுகளை ஆராய்ந்தார். சிற்றுயிர்கள் மனிதரினும் விரைவில் இதனால் தளர்வுறும் என்று கண்டு, சுரங்கங்களுள் அவற்றைக் கொண்டுசெல்லுமாறு கூறினார். இங்கிலாந்துச் சுரங்கங்களில் கானரி என்னும் சிறு பறவைகள் 1986 வரை இப்பணியைச் செய்தன. பறவை தளர்ந்து சாய்ந்தால் மனிதர் வெளியேறுவர்.

அளவைச் சிறிது நோக்குவோம். பத்து இலட்சம் பங்கு காற்றில் இந்நஞ்சு 200 பங்கு கலந்திருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் தலைவலி தோன்றும். 800 பங்கு ஆயின் இரண்டு மணி நேரத்திற்குள் அறிவு மயங்கும். 1,600 பங்கு ஆயின் ஒரு மணி நேரத்தில் உயிர் போகும்.

இனி மோட்டார் வண்டியின் செய்தி. பெரும்பாலான வண்டிகளின் எந்திரம் நீரால் குளிர்விக்கப்படுகிறது. குளிர்நாடுகளில் உள்ளறையைச் சூடேற்ற வேண்டின் அவ்வெந்நீரின் வெப்பத்தையே பயன்படுத்துவர். எந்திரப் புகைக்கும் உள்ளறைக் காற்றுக்கும் அங்கே நேரான தொடர்பு இல்லை. காற்றால் குளிரும் வண்டிகளின் அமைப்பு வேறு. வண்டு என்னும் பொருள்படப் பீட்டில் என்று உலகம் வழங்கும் வோக்ஸ்வேகன் வண்டி அவ்வகையுள் தலைசிறந்தது. அதன் எந்திரம் பின்புறத்தில் உள்ளது; பெரிய விசிறி ஒன்று அதன்மேல் காற்றை ஓயாது வீசுகிறது. வண்டியில் வெந்நீர் என்பதே இல்லை. அங்ஙனமாயின் உள்ளறைக்கு வெப்பம் எங்கிருந்து வரும்? முற்காலப் பீட்டில்களில், சூடான எந்திர உருளைகளைத் தழுவி வந்த காற்றையே உள்ளறைக்குத் திருப்பிவிட்டனர். உருளைக்கும் புகைக்குழாய்க்கும் இடையிலுள்ள பொருத்து சிறிது தளர்ந்தாலும் புகை அக்காற்றோடு கலந்து உள்ளே புகும். 1963ஆம் ஆண்டு வடிவம் முதல் இவ்வமைப்பு திருத்தம் பெற்றது. புகைக்குழாயைச் சுற்றித் தகட்டுப்பெட்டி ஒன்று அமைத்து, அப்பெட்டியினூடே வெளிக்காற்றைச் செலுத்திச் சூடேற்றி உள்ளறைக்கு அனுப்பினர்.

திருத்தம் நல்லதே. எனினும் அதன் இயல்பை உணர்தல் வேண்டும். குழாயின் உள்ளே செல்வது நஞ்சு. குழாயின் வெளியே தழுவிச் செல்வது மூச்சு. இரண்டிற்கும் இடையே நிற்பது குழாயின் சுவரான ஒரு மெல்லிய இரும்புத்தகடு. அத்தகடு முழுமையாக இருக்கும்வரை தீங்கில்லை. துருப்பிடித்து ஓர் ஊசித்துளை விழுந்தாலும் இரண்டும் ஒன்றாகிவிடும். இவ்வண்டிகளுட் பல இன்று அரை நூற்றாண்டைக் கடந்தவை; பழம்பொருள் விரும்புவோர் அன்போடு பேணி ஓட்டுபவை. மேற்பூச்சைப் பளபளக்கச் செய்வதில் காட்டும் ஆர்வத்தில் பாதியை வண்டியின் அடிப்புறத்திற் காட்டுவோர் சிலரே.

தூத்துக்குடியின் வெயிலில் உள்ளறையைச் சூடேற்ற எவர் விரும்புவார் என்று வினவலாம். விரும்பார்தாம். ஆனால் சூடேற்றியின் கைப்பிடியை மூடிவைத்தாலும், பழகித் தேய்ந்த மூடிகள் காற்றை முற்றும் தடுத்துவிடும் என்பதற்கு உறுதியில்லை. மேலும், அதே வண்டி ஒருநாள் கொடைக்கானல் மலைக்கு ஏறும். அங்கே குளிருக்காக அக்கைப்பிடி திறக்கப்படும். எல்லாவற்றினும் மேலாக, இது உப்பு விளையும் ஊர். உப்பளங்களின் மீதும் அலைகளின் மீதும் தவழ்ந்து வரும் ஈரக்காற்று இரும்பை விரைந்து அரிக்கும். காற்றால் குளிர்வதோ நீரால் குளிர்வதோ, எவ்வகை வண்டியாயினும் முதலில் துளைபடுவன புகைக்குழாயும், ஒலியடக்கியாகிய சைலன்சரும், அடித்தகடும் ஆகும். புகைக்குழாயில் ஒரு துளையும், அதற்கு நேரே அடித்தகட்டில் மற்றொரு துளையும் விழுந்தால், நஞ்சு வந்து சேர வேறு வழி வேண்டியதில்லை. பின்கதவின் ரப்பர் விளிம்பு தேய்ந்திருப்பதும், பின்கதவைத் திறந்தபடி சரக்கேற்றி ஓட்டுவதும் இத்தகையனவே. ஓடும் வண்டியின் பின்னே சுழலும் காற்று புகையை உள்ளே இழுத்துவிடும்.

நின்ற வண்டியில் எந்திரத்தை ஓடவிட்டு, கண்ணாடிகளை ஏற்றி, குளிர்காற்றுப் பொறியை இயக்கி உறங்குதல் இன்னும் கொடிது. 2024ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் கேரளத்து வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவன் வண்டியொன்றில் இருவர் இறந்து கிடந்தனர். கோழிக்கோட்டிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்து அறிஞர்கள் அவ்வண்டியிலேயே சோதனை நடத்தினர். குளிர்காற்றுப் பொறிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை உள்ளறையிற் புகுந்தமை அதனால் தெளிவாயிற்று; இரண்டு மணி நேரத்தில் நச்சுவளி ஏறத்தாழ 950 பங்கை எட்டியது. மலைவாழிடங்களில் மூடிய அறைக்குள் கரியடுப்பை வைத்துக் குளிர்காய்ந்து மாண்டோரின் செய்தியும் இதனோடு ஒத்ததே. வெப்பம் நாடினும் குளிர்ச்சி நாடினும் நஞ்சு ஒன்றுதான்.

கடலுக்கு மீள்வோம். வண்டியில் இரும்புத்தகடு செய்யும் காவலை வள்ளத்தில் செய்வது காற்றின் திசை. கம்பிரசர் காற்றை உறிஞ்சும் வாய், எந்திரப் புகைக்கு மேல்காற்றுப் பக்கத்தில், உயரமாக, நீண்ட குழாயால் விலக்கி வைக்கப்பட வேண்டும். இறங்கும்போது அவ்வாறு இருந்தால் போதுமா எனின், போதாது. நங்கூரமிட்ட வள்ளம் பெரும்பாலும் காற்றுக்கு முகங்கொடுத்து நிற்கும். அப்போது புகை பின்னோக்கிச் சென்றுவிடும். காற்று ஒருபுறமும், மீனவர் நீவாடு என வழங்கும் நீரோட்டம் மற்றொரு புறமும் இழுக்கும்போது வள்ளம் குறுக்கே திரும்பிவிடும். சற்றுமுன் தூய காற்றை உறிஞ்சிய வாய் இப்போது புகையை உறிஞ்சும். வாடைக்காற்றும் கச்சான் காற்றும் மாறுவதைப் பாய்மரக் காலத்தோர் முகத்திற் பட்டமட்டில் அறிந்தனர்; எந்திர ஓசைக்கிடையே அவ்வறிவு மழுங்குதல் இயல்பு. ஆகவே, மேலே இருப்பவருள் ஒருவர் வேறு வேலை ஏதுமின்றி அதனையே கவனித்திருத்தல் வேண்டும். முன்னாளில் கயிறு பிடித்தவருக்கு இருந்த பொறுப்பு இவருக்கும் உண்டு. கம்பிரசரின் எண்ணெய் மிகைவெப்பத்தால் கருகினாலும் இந்நச்சுவளி உண்டாகும்; அதற்குக் காற்றின் திசை மட்டும் பரிகாரமாகாது, எந்திரத்தைப் பழுதின்றி வைத்தலே பரிகாரம்.

ஆழத்தில் இந்நஞ்சு பெருகுவதையும் ஈண்டுக் கூறவேண்டும். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் உள்ளதைப்போல் இரு மடங்கு. இருபது மீட்டரில் மும்மடங்கு. கரையில் சிறிதெனத் தோன்றும் கலப்பு கீழே அம்மடங்கு வீரியம் பெறும். அதனாலேயே ஐரோப்பிய நாடுகள் மூழ்குவோர் காற்றில் பத்து இலட்சத்திற்கு 5 பங்கு என்று மிகக் குறைந்த எல்லை வகுத்துள்ளன. அடியில் இருக்கும்போது உயிர்வளியின் அழுத்தமும் கூடியிருத்தலால் மயக்கம் மறைந்து நிற்பதும் உண்டு. மேலே ஏற ஏற உயிர்வளியின் அழுத்தம் குறையும். நஞ்சோ குருதியைப் பற்றியவாறே இருக்கும். வள்ளத்தின் அருகே வந்துவிட்டவர் அங்கேயே அறிவிழந்து மூழ்கக்கூடும்.

நஞ்சேறியதன் அறிகுறிகள் எளியன, அதனாலேயே பொருட்படுத்தப்படாதன. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கைகால் தளர்ச்சி, காரணமில்லாத உறக்கம். வண்டியில் இருப்போர் அனைவருக்கும் ஒருங்கே தலை வலித்தாலும், இறங்கி நின்றால் வலி குறைந்து ஏறினால் மிகுந்தாலும், பயணக்களைப்பு என்று ஒதுக்கிவிடலாகாது. உடனே எந்திரத்தை நிறுத்திக் கதவுகளைத் திறந்து அனைவரும் வெளியே வருதல் வேண்டும். கார்பன் மோனாக்சைடு கண்டு ஒலியெழுப்பும் சிறு கருவிகள் இன்று கிடைக்கின்றன. கானரிப் பறவையின் பணியை அவை செய்கின்றன. பழைய வண்டி வைத்திருப்போருக்கு அது வீண்செலவன்று.

மூடிய இடத்தில் ஒருவர் வீழ்ந்து கிடப்பதைக் கண்டு பதறி, பின்னாலேயே உள்ளே பாய்தல் கூடாது. வண்டியாயின் கதவுகளைத் திறந்து வெளியே இழுக்கலாம். கப்பலின் தொட்டியும் அடியறையும் அவ்வாறல்ல. அங்கே நச்சுவளி இல்லாவிடினும், துருவேறும் இரும்பு உள்ளிருக்கும் உயிர்வளியை உண்டுவிடும். 2025ஆம் ஆண்டு செப்டம்பரில் தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் மிதவைக் கப்பல் ஒன்றின் நீர்த்தொட்டியுள் இறங்கிய தொழிலாளர் மூவர் மூச்சுத் திணறி மாண்டனர். காற்றைச் சோதித்து, தூய காற்றைச் செலுத்தி, மூச்சுக்கருவி பூண்டோர் மட்டுமே அத்தகைய இடங்களில் இறங்கலாம்.

வெளிக்காற்றுக்குக் கொண்டுவரப்பட்டவர் எழுந்து பேசினாலும் நஞ்சு நீங்கிவிட்டதென்று எண்ணலாகாது. வெளிக்காற்றை மட்டும் உட்கொண்டால், குருதியைப் பற்றிய நஞ்சு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் முகமூடி வழியே தூய உயிர்வளி அளித்தால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். விரல்நுனியிற் பொருத்தி உயிர்வளியை அளக்கும் சிறு கருவி இங்கே பயன்படாது. நஞ்சேறிய குருதியும் செந்நிறமாகவே இருத்தலால் அக்கருவி ஏமாந்து, எல்லாம் செவ்வையாக உள்ளதென்றே எண் காட்டும். ஆதலின், வண்டிப்புகையோ கம்பிரசர்க் காற்றோ காரணமாயிருக்கலாம் என்பதை உடன்வந்தோர் மருத்துவரிடம் வாய்திறந்து சொல்லுதல் வேண்டும்; குருதியை எடுத்து அதற்கென ஆராய்ந்தாலன்றி உண்மை புலப்படாது.