திண்ணை வரைக்கும் வாங்க: வீட்டு சர்வரும் டேட்டாபேஸும்

திருநகரோ திருமங்கலமோ, வீட்டுல கிடக்கிற பழைய லேப்டாப்பையே சர்வராக்கி சொந்த வலைப்பக்கம் நடத்தலாம். லினக்ஸ், அப்பாச்சி, மரியாடிபி மூணுமே இலவசம்.

முதல்ல ரவுட்டர்ல வான் ஐபி என்னன்னு பாருங்க. அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ல தொடங்கினா, பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரின்னு அர்த்தம். இதுக்குப் பேர் சிஜிநாட். அங்க போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யாது. ஸ்டேடிக் ஐபி வாங்கணும், இல்லைன்னா டனல் போடணும்.

அடுத்ததுதான் முக்கியம். விருந்தாளி திண்ணை வரைக்கும் வரலாம், பீரோ இருக்கிற உள்ளறைக்கு வரக்கூடாது. வலைப்பக்கத்துக்கான 80, 443 போர்ட்டுகளை மட்டும் திறங்க. டேட்டாபேஸோட 3306-ஐத் திறக்காதீங்க. பைண்ட் அட்ரஸை 127.0.0.1-னு வைங்க. அப்போ அதே கணினியில ஓடுற நிரல் மட்டும்தான் டேட்டாபேஸோட பேச முடியும். அந்த நிரலுக்கும் ரூட் யூசரைக் கொடுக்காம, தேவையான அனுமதி மட்டும் உள்ள தனி யூசரைக் கொடுங்க.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2017 ஜனவரியில, கடவுச்சொல் இல்லாம இணையத்துல திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மோங்கோடிபி டேட்டாபேஸ்களை அழிச்சிட்டு பிட்காயின் கேட்டாங்க.

கரண்ட் போனா லேப்டாப் பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும். ரவுட்டருக்குத்தான் யுபிஎஸ் வேணும். தினமும் ராத்திரி ஒரு பேக்கப் எடுத்து வேற இடத்துல வைங்க. அதைத் திரும்ப ஏத்த முடியுதான்னு ஒரு தடவையாவது சோதிச்சுப் பாருங்க.