எள்ளலின் இரு திசைகள்: 'நெப்போலியன் டைனமைட்' திரைப்படமும் அதன் பிளவுண்ட பார்வையாளரும்

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, நகை, எள்ளல், பேராசிரியர் உரை, நகைச்சுவைத் திரைப்படம்

முன்னுரை

ஒரே காட்சியைக் காணும் இருவருள் ஒருவர் வயிறு குலுங்க நகைக்கிறார். மற்றவர் முகம் சுளிக்கிறார். இதனைச் சுவை வேறுபாடு என்று கூறிக் கடந்துவிடுதல் எளிது. ஆனால் அவ்வேறுபாடு எங்கே தோன்றுகிறது என்னும் வினா அதனால் விடை பெறுவதில்லை. 2004ஆம் ஆண்டு வெளிவந்த 'நெப்போலியன் டைனமைட்' என்னும் அமெரிக்கத் திரைப்படம் இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற சான்றாகும். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்குக் கூறும் நிலைக்களன்களையும், அவற்றிற்குப் பேராசிரியர் தரும் விளக்கத்தையும் துணைக்கொண்டு, அப்படத்தின் பார்வையாளர் இரு கூறாகப் பிரிந்தமைக்கான காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

படமும் பிளவும்

ஜாரெட் ஹெஸ் தம் மனைவி ஜெருஷா ஹெஸ்ஸுடன் இணைந்து எழுதி இயக்கிய இப்படம், அவர் இளமையில் வாழ்ந்த ஐடஹோ மாநிலத்துப் பிரெஸ்டன் என்னும் சிற்றூரில், ஏறத்தாழ 4 இலட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்டது. தலைமை வேடமேற்ற ஜான் ஹீடர் முதலில் பெற்ற ஊதியம் 1,000 டாலர். 2004 சனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட இப்படம், பின்னர்த் திரையரங்குகளில் 4 கோடி டாலருக்கும் மேல் ஈட்டியது.

கதை மிக எளியது. பள்ளியில் எவராலும் மதிக்கப்படாத நெப்போலியன், புதிதாக வந்து சேர்ந்த மெக்சிகோ வழியினனான பெட்ரோ மாணவர் தலைவர் தேர்தலில் வெல்ல உதவுகிறான். இடையில் நிகழ்வனவற்றுள் பல கதைக்கு எவ்வகையிலும் துணைசெய்வதில்லை.

பார்வையாளரின் பிளவு கணிப்பொறித் துறையிலும் உணரப்பட்டது. நெட்பிளிக்ஸ் நிறுவனம் தன் பரிந்துரை முறையின் துல்லியத்தை 10 விழுக்காடு உயர்த்துவோருக்கு 10 இலட்சம் டாலர் பரிசளிப்பதாக 2006இல் அறிவித்தது. ஏறத்தாழ 4.8 இலட்சம் பயனர் 17,770 படங்களுக்கு அளித்த 10 கோடி மதிப்பீடுகள் போட்டியாளருக்கு வழங்கப்பட்டன. கணிக்க மிகக் கடினமான படங்களுள் ஒன்றாக நெப்போலியன் டைனமைட் விளங்கியது. அதற்குக் கிடைத்த மதிப்பீடுகள் ஒரு விண்மீன் அல்லது ஐந்து விண்மீன் என்னும் இரு எல்லைகளிலும் மிகுதியாகக் குவிந்திருந்தன. ஒருவர் விரும்பிய பிற படங்களை அறிந்திருந்தும், இப்படத்தை அவர் விரும்புவாரா என்று உறுதியாகக் கூற இயலவில்லை.

திறனாய்வாளர் ரோஜர் ஈபர்ட் இப்படத்திற்கு நான்கில் ஒன்றரை விண்மீனே அளித்தார். இத்தகைய படங்களில் நாம் நகைப்பது, பாத்திரங்களைவிட நம்மை உயர்ந்தவராக உணர்வதால் அல்லது அவர்கள்மீது இரக்கமோ விருப்பமோ கொள்வதால் என்பது அவர் கருத்து. மேலிருந்து கீழ்நோக்கி நகைப்பதைத் தாம் விரும்புவதில்லை என்றும், நெப்போலியனை விரும்பத்தக்கவனாக்கப் படம் முயலவில்லை என்றும் அவர் குறைகூறினார். இக்குறை நகையின் அறம் பற்றியது.

நகையின் நிலைக்களன்கள்

எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைக்கும் தொல்காப்பியர், எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கையும் அதன் நிலைக்களன்களாகக் கொள்கிறார். பேதைமை அறிவின்மை, மடன் பிறர் புகட்டியதை ஏற்று, ஏற்றதை விடாமை. படத்தில் இந்நான்கும் உள. பொம்மையைக் கயிற்றில் கட்டிப் பள்ளிப் பேருந்தின் சன்னல் வழியே எறிந்து இழுத்துச் செல்வது இளமை. இணையத்தில் வாங்கிய 'கால இயந்திர'த்தை நம்பி மின்னதிர்ச்சிக்கு உள்ளாவது பேதைமை. 1982ஆம் ஆண்டின் பள்ளி விளையாட்டு நாள்களிலேயே உறைந்து நிற்கும் ரீக்கோ மாமாவின் விடாப்பிடி மடனுக்கு அணுக்கமானது.

எனில், எள்ளல் எங்கே உள்ளது? எள்ளுவோன் ஒருவன் படத்துள் வெளிப்படையாக நிறுத்தப்படவில்லை. இங்கேதான் பிளவு தொடங்குகிறது. சுவைக்கப்படும் பொருள், பொறியுணர்வு, உள்ளத்துக் குறிப்பு, உடம்பில் தோன்றும் சத்துவம் என மெய்ப்பாடு பிறக்கும் முறையைப் பேராசிரியர் பகுத்துரைப்பார். இப்படம் சுவைப்பொருளை மட்டும் தந்து, ஏனையவற்றைக் காட்டாது நிறுத்திக்கொள்கிறது. ஹீடரின் முகத்தில் மாற்றம் அரிது. ஒளிப்பதிவுக் கருவி பெரும்பாலும் அசையாது நிற்கிறது. எப்போது நகைக்க வேண்டும் என்று இசையோ பிற பாத்திரங்களோ உணர்த்துவதில்லை. எனவே குறிப்பைப் பார்வையாளரே வழங்க வேண்டியுள்ளது. பேதைமையும் இளமையும் நகைக்குக் களன் எனக் கொள்பவர் பாத்திரத்தோடு நெருங்குகிறார். சிற்றூரார்மீது படமே எள்ளல் புரிகிறது எனக் கொள்பவர் விலகுகிறார். ஒருவரது பார்வை வரலாற்றைக்கொண்டு இத்தெரிவை முன்னறிய இயலாமையே கணிப்பின் இடர்ப்பாட்டிற்கு ஒரு காரணமாகலாம்.

எள்ளப்பட்டவர் நகுதல்

எள்ளலைப் பேராசிரியர் இரண்டாகப் பகுக்கிறார். தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று. பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுதல் மற்றொன்று. ஈபர்ட்டின் பகுப்பில் இரண்டாவதற்கு இடமில்லை. அவர் கூறும் இரு காரணங்களும் வெளியே நின்று காண்பவருக்கே உரியன.

எள்ளப்பட்டோர் நகுதலுக்குச் சான்று படத்திற்கு வெளியே கிடைக்கிறது. ஐடஹோ மாநிலச் சட்டமன்றம் 2005இல் ஹெஸ் இணையரைப் பாராட்டித் தீர்மானம் நிறைவேற்றியது. உருளைக்கிழங்கு வறுவல் உருண்டைகளைக் காட்டியதன்வழி மாநிலத்தின் புகழ்பெற்ற விளைபொருளுக்குப் படம் பெருமை சேர்த்தது என்றும், தீர்மானத்தை எதிர்த்து வாக்களிப்போர் முட்டாள்கள் என்றும், படத்தின் பேச்சுநடையிலேயே அத்தீர்மானம் அமைந்தது. எள்ளப்பட்டோர் எனக் கருதத்தக்கவரே அந்நகையைத் தமதாக்கிக்கொண்டனர். இயக்குநர் அவ்வூரில் வாழ்ந்தவர் என்பதும் இங்கு நினையத்தக்கது.

ஆயினும் இவ்விடைக்கு ஓர் எல்லை உண்டு. சட்டமன்றம் உடையோர் தம்மைத் தாமே நகுதல் எளிது. பெட்ரோ போன்ற சிறுபான்மைப் பாத்திரத்தின் பேச்சையும் அமைதியையும் கண்டு நகும்போது, அவன் வழியினர் அந்நகையில் பங்குகொண்டனரா என்பதை அத்தீர்மானம் காட்டாது. படம் பெட்ரோவுக்குத் தேர்தல் வெற்றியைத் தருகிறது. ஆனால் அவ்வெற்றியை ஈட்டித் தருவது நெப்போலியனின் நடனம். அந்நடனக் காட்சியில் படத்துள்ளேயே ஒரு பார்வையாளர் திரள் அமர்ந்திருக்கிறது. நடனம் முடிந்ததும் அது எழுந்து நின்று கைதட்டுகிறது. இதுவரை மறைக்கப்பட்ட குறிப்பு இங்கு வெளிப்பட, நகை மருட்கையாக மாறுகிறது. இம்மாற்றம் நெப்போலியனுக்கு வாய்த்தது. பெட்ரோவுக்கு அத்தகைய காட்சி இல்லை.

முடிவுரை

நெப்போலியன் டைனமைட் படத்தின் பார்வையாளர் பிரிந்தமைக்குக் காரணம், நகையின் களன் எது என்பதைப் படம் அறுதியிடாமல் விட்டமையே என்பது இக்கட்டுரையின் முடிபு. எள்ளலைப் பேராசிரியர் இரு திசைகளாகப் பகுத்தமை, இப்பிளவை விளக்குவதோடு, எள்ளப்பட்டோரும் நகைத்தனரா என்னும் வினாவையும் திறனாய்வுக்கு அளிக்கிறது. ஒரு நகைச்சுவைப் படைப்பு பிறரை இழிவுபடுத்துகிறதா என வழக்காடும்போது, காண்பவரின் மனநிலையை மட்டும் நோக்குதல் போதாது. எள்ளப்பட்டோருள் எவர் நகைத்தனர், எவருக்கு நகைக்க இடம் தரப்படவில்லை என்பதையும் ஆராய்தல் வேண்டும். மெய்ப்பாட்டியலைச் சங்கப் பாடல்களுக்கு மட்டுமன்றித் திரைக்கும் கருவியாகக் கொள்வதன் பயன் இதுவாகும்.